நடுப்புள்ளி

சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் அமர்ந்து, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட சில நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலிருந்து இயக்குநர் பெயர்களை விரிதாளில் ஏற்றி வருகிறேன். ஒரே ஆள் இரு நிறுவனங்களில் இயக்குநராக இருந்தால், அவரைக் குறிக்கும் புள்ளி வழியாக அவற்றுக்கிடையே ஒரு கோடு. அமெரிக்காவில் 2001இல் வந்த ‘தே ரூல்’ இணையதளமும் இப்படித்தான் காட்டியது. பின்னர் வந்த ‘லிட்டில்சிஸ்’ அரசியல் நன்கொடைகளையும் அவ்வலையில் சேர்த்தது.

கோடு போடுவது எளிது, பெயர்தான் படுத்துகிறது. நம்மவர் பெயர் ஓர் அறிக்கையில் தலைப்பெழுத்தோடும், இன்னொன்றில் ‘சன் ஆஃப்’ சேர்ந்தும், மூன்றாவதில் தந்தை பெயரே குடும்பப் பெயராகியும் வருவதால், நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவிடம் (ACRA) கட்டணம் செலுத்தி நிறுவன விவரங்களைப் பெற்று, நியமன நாள்களை ஒப்பிட்ட பிறகே மூவரும் ஒருவர்தான் என்று சொல்ல முடிகிறது.

தனியார் நிறுவனங்களையும் சேர்த்தபோது, யாரும் கேள்விப்படாத ஒருவர் படத்தின் நடுவில் பெரும்புள்ளியாக வீங்கி நின்றார். சிங்கப்பூர்ச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவரேனும் வேண்டும் என்பதால், வெளிநாட்டு முதலாளிகளுக்காகப் பெயரளவில் அப்பொறுப்பை ஏற்பவர்களும் உண்டு. அவரும் அத்தகையவராகத்தான் இருக்க வேண்டும். (நானோ ஒரு மாலை முழுவதும் அவரைப் பெரும் செல்வந்தர் என்றே நம்பியிருந்தேன்!) இப்போது அத்தகைய புள்ளிகளுக்குச் சாம்பல் நிறம் கொடுத்து, பங்குரிமையைத் தனிக் கோடாக வரைகிறேன்.