நைட்ரிக் ஆக்சைடு ஆய்வு: கண்ட்ரோல் தட்டுகளும் புரத ஜெல்லும்

பயிர்களுக்குள் சமிக்ஞையாகச் செயல்படும் நைட்ரிக் ஆக்சைடு பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலும் வாயுவை நேரடியாகச் செலுத்துவதில்லை. அதை வெளியிடும் உப்பான சோடியம் நைட்ரோபுருசைடைத்தான் கரைத்து ஊற்றுகிறோம். 29.8 மில்லிகிராமை 10 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார் (அதாவது 10,000 மைக்ரோமோலார்) செறிவு. அதிலிருந்து 100 மைக்ரோமோலார் தயாரித்து, பாசிப்பயறு நாற்றின் வேருக்குக் கொடுக்கலாம். கரைசலை அன்றன்றைக்கே கலக்க வேண்டும். புட்டியில் அலுமினியத் தாள் சுற்ற வேண்டும். நிறம் நீலமாகத் திரும்பிவிட்டால் கொட்டிவிடுவதே நல்லது.

வெளிச்சம் பட்டால்தான் இந்த உப்பு வாயுவை நன்றாக விடும். ஆகவே அறையின் ஓரத்தில் இருக்கும் தட்டுக்கும் விளக்கின் நேர்கீழே இருக்கும் தட்டுக்கும் கிடைக்கும் அளவு ஒன்றல்ல. அதைவிடப் பெரிய சிக்கல் சயனைடு. இதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஐந்து சயனைடு தொகுதிகள் உள்ளன. சிதையும்போது அவையும் வெளியேறும். அதே செறிவில், சயனைடு இருந்தும் நைட்ரிக் ஆக்சைடு விடாத பொட்டாசியம் ஃபெரோசயனைடு ஊற்றிய தட்டு, வெளிச்சத்தில் பல நாள் திறந்து வைத்து வாயு தீர்ந்துபோன நைட்ரோபுருசைடு ஊற்றிய தட்டு, இரண்டும் இல்லாத முடிவை நம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இப்படி ஒப்பிட வைக்கும் கண்ட்ரோல் தட்டுகளைத் தனிப் பெட்டியில் மூடி வையுங்கள். பக்கத்துத் தட்டிலிருந்து வாயு கசியும்.

குறைந்த செறிவில் முதன்மை வேர் குட்டையாகி, பக்கவேர்கள் பெருகும். செறிவு கூடினால் நாற்று முழுக்கக் குன்றிவிடும். அதனால் ஒரே அளவை வைத்துப் பேசாமல் 10 முதல் 500 மைக்ரோமோலார் வரை படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

நாற்றின் புரதங்கள் மாறினவா என்று ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்க, முதலில் அவற்றைச் சாறாக எடுக்க வேண்டும். அதற்கு, திரவ நைட்ரஜனில் அரைத்த திசுவை 10% டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் கலந்த அசிட்டோனில், மெர்காப்டோ எத்தனால் சேர்த்து, மைனஸ் 20 டிகிரியில் இரவு முழுக்க வைப்பது வழக்கம். வீழ்படிவை அளவுக்கு மீறி உலர்த்தினால் பிறகு பஃபரில் கரையவே கரையாது. இலையில் ஏராளமாக இருக்கும் ரூபிஸ்கோ என்ற ஒளிச்சேர்க்கை நொதியின் பருத்த பட்டை ஜெல்லில் 55 கிலோடால்டன் பக்கம் படுத்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் பட்டைகளை மறைத்துவிடும். வேரில் அந்தத் தொல்லை இல்லை.

ஜெல்லில் பட்டைகள் மாறவில்லை என்பதால் நைட்ரிக் ஆக்சைடு ஒன்றும் செய்யவில்லை என்று ஆகாது. அது புரதத்தின் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொண்டு, அளவு மாறாமலே செயலை மாற்றும். இதைக் காட்டும் பயோட்டின் மாற்று முறை 2001இல் வெளிவந்தது; அதில் அஸ்கார்பேட் ஒட்டிய நைட்ரிக் ஆக்சைடை அகற்ற, அந்த இடத்தில் எளிதில் கண்டறியக்கூடிய பயோட்டின் ஏறும். மேலே சொன்ன சாற்றை இதற்குப் பயன்படுத்த முடியாது. மெர்காப்டோ எத்தனால் ஒட்டியிருக்கும் நைட்ரிக் ஆக்சைடைப் பிய்த்துவிடும். தனியாக, இருட்டில், அது சேர்க்காமல் சாறு எடுக்க வேண்டும். அஸ்கார்பேட் சேர்க்காத குழாயையும் கூடவே ஓட்டுங்கள். அதில் தெரியும் பட்டை எதுவும் கணக்கில் வராது.