ஆற்றங்கரையானும் என் வெங்காயத் தோட்டமும்

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனுக்குப் பெயர்கள் பல. அன்னதானக் கந்தன் என்பார்கள், கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். எங்கள் வீட்டில் எப்போதும் ஆற்றங்கரையான்தான். அச்சுவேலிப் பக்கம் தோட்டம் செய்கிற எனக்கு அது சைக்கிளில் போய்வரும் தூரம். வெள்ளிக்கிழமை விடிய எழும்பி வெங்காயத்துக்குத் தண்ணி மாறிவிட்டு, கிணற்றடியில் முழுகி, வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டால் பூசைக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிடுவேன்.

ஐம்பதை நெருங்கும் வயதில் கொழும்பு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து ஐயாவின் காணியைக் கையில் எடுத்தேன். அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல சம்பளம், நல்ல மனுசர். ஆனால் சின்ன வயதிலிருந்தே எனக்கு மண்ணில்தான் மனம், ஐயாவோடு பாத்தி கட்டிய நாட்களைப்போல ஒரு சந்தோசம் அந்தக் கதிரையில் இருந்து எனக்குக் கிடைக்கவே இல்லை. நாலு சனத்துக்குச் சொல்ல ஒரு உத்தியோகம் வேண்டும், அவ்வளவுதான். ஊருக்கு வந்ததும் பெரியம்மா கேட்டது இதுதான்: "உனக்கென்ன விசரா? நாளைக்குப் பெட்டைக்கு ஒரு கலியாணம் பேசேக்க, தேப்பன் என்ன செய்யிறார் எண்டு கேட்டால் என்னத்தைச் சொல்லுறது?" மனைவி மட்டும், "விருப்பமெண்டால் செய்யுங்கோ, கடன் படாமல் செய்யுங்கோ" என்றார்.

அந்தக் காலத்தில்தான் சந்நிதிக்கு அடிக்கடி போகத் தொடங்கினேன். போனவர்களுக்குத் தெரியும், அங்கே பூசை வேறு மாதிரி. மூலஸ்தானத்தில் இருப்பது வேல். பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரம் இல்லை. மணி அடிக்கும், தீபம் எழும்பும், வெளியே சனம் முருகா முருகா என்று உருகும், உள்ளே அந்த மனிதர் ஒரு சொல்லும் இல்லாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பார். கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்தால் அந்தத் துணிக்கு மேலே கண்கள் மட்டும் தெரியும். வாய் கட்டியிருக்கிற ஒரு மனிதரிடம் பெருமை பேசச் சந்தர்ப்பமே இல்லை என்று எனக்கு ஒருநாள் பட்டது. அன்றைக்கு நானும் எதையும் வேண்டாமல் வெறுமனே நின்றேன். பிள்ளையின் படிப்பு, மோட்டர் பழுது, பெரியம்மாவின் பேச்சு, ஒன்றையும் சொல்லவில்லை. முருகனுக்குத் தெரியாததா?

இந்த வழிபாடு தொடங்கிய கதையை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். மருதர் கதிர்காமர் என்று ஒருவர், இந்த ஆற்றில் மீன் பிடித்துச் சீவித்தவர். முருகன் அவரைத்தான் கூப்பிட்டு, பூவரச மரத்தடியில் வேலை வைத்துக் கும்பிடச் சொன்னான் என்பது ஐதீகம். சாத்திரம் படித்துவிட்டு வா என்று சொல்லவில்லை, வலையைப் போட்டவனை அப்படியே ஏற்றுக்கொண்டான். அவருடைய வழித்தோன்றல்கள்தான் இன்றும் பூசகர்கள். எத்தனையோ தரம் கேட்ட கதை, தோட்டத்தில் இறங்கிய பிறகுதான் எனக்கு உள்ளே இறங்கியது.

பூசை முடிய மடத்தில் சாப்பாடு. கோயிலைச் சுற்றி அத்தனை மடங்கள், யார் போனாலும் இலை போடுவார்கள். போன மாதம் வரிசையில் இருந்தபோது, கொழும்பில் என்னோடு வேலை செய்த ஒரு அண்ணை பக்கத்தில் வந்து இருந்தார். சோறு போட்டாயிற்று, பருப்பு வந்தது, பூசணிக்காய்க் கறி வந்தது, சாம்பார் வாளியோடு ஒரு பெடியன் ஓடி ஓடி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இப்ப எங்க வேலை?"

"தோட்டம் செய்யிறன் அண்ணை."

முந்தியென்றால் இந்தக் கேள்விக்கு நெஞ்சு இறுகியிருக்கும், சும்மா கொஞ்ச நாளைக்கு என்று இழுத்திருப்பேன். அன்றைக்கு வார்த்தை தன்பாட்டில் வந்தது, கை சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தது. அவரும் சாம்பாரை வழித்தபடி, "விதை வெங்காயம் என்ன விலை போகுது?" என்றார். அப்புறம் கை கழுவும் வரைக்கும் நாங்கள் கதைத்தது வெங்காயத்துக்கு வரும் கோழிக்கால் நோயும் மருந்தும்தான். இவ்வளவு காலமும் இதற்கா பயந்தேன் என்று ஆறுதலாக இருந்தது.

நல்லூர்க் கந்தன் கோயில் தேரடியில் இருந்த சித்தர் செல்லப்பா சுவாமியையும் அந்தக் காலத்துச் சனம் விசரன் என்றுதான் சொன்னது. அவர் சொல்லிக்கொண்டிருந்தது "முழுதும் உண்மை" என்று. அவரிடம் சீடராகப் போய்ச் சேர்ந்த யோகர் சுவாமி (1872–1964) கிளிநொச்சி நீர்ப்பாசனப் பகுதியில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த வேலையை விட்டவர். அந்தப் பெரியவர்கள் எங்கே, நான் எங்கே. ஆனாலும் விசர் என்ற சொல் எங்கள் ஊரில் யார் யாரை எல்லாம் தொட்டிருக்கிறது என்று நினைத்தால் ஒரு தைரியம் வருகிறது.

மனம் அமைதியாகிவிட்டது என்று சொன்னால் கவலை இல்லை என்று எடுக்கவேண்டாம். கார்த்திகை மழை பிந்தாமல் அடித்தால் வெங்காயம் அழுகும், விலை விழுந்தால் உரக்காசும் வராது. இரவில் கணக்குப் பார்க்கிறேன், நெற்றியைத் தேய்க்கிறேன். பிறகு படுத்தால் நித்திரை வருகிறது. கொழும்பில் சம்பளம் தவறாமல் வந்தது, நித்திரைதான் வரவில்லை.

சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையால் இறங்கி, உகந்தை முருகன் கோயிலில் கும்பிட்டுக் காட்டுக்குள் நுழைவார்கள். வருகிற முறை நடக்க வேண்டும் என்று ஆசை. பயந்து பயந்துதான் வீட்டில் சொன்னேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "வெங்காயத்தைக் கிண்டிப்போட்டுப் போங்கோ. கொடியேற்றத்துக்கு நானும் பஸ்ஸில அங்க வாறன்."