கடைசிப் பஞ்சு

மார்ச் 3, திங்கள்

இன்று பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற புளோ ரூமை நிறுத்தினார்கள். நூற்பாலையை ஒரே நாளில் மூடிவிட முடியாது. மெஷின்களில் நிற்கிற பஞ்சு நூலாகி வெளியே வந்தாக வேண்டும். முதலில் புளோ ரூம், பிறகு கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ், அப்புறம் எங்கள் ஸ்பின்னிங், கடைசியில் கோன் வைண்டிங். கடைசி லாட் உள்ளே போய்விட்டது. அது வருகிற வழியெல்லாம் வேலை போகும்.

மார்ச் 5

கார்டிங் நின்றது.

மார்ச் 6

டைம் ஆபீஸில் கணக்குத் தாள் கொடுத்தார்கள். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால் பெருக்கினால் பணிக்கொடை. மூடுவதற்கான நஷ்டஈடு தனி. அதுவும் வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். எனக்கு 27 வருஷம்.

நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றுகிற டாஃபர் அக்கா பெயர் பட்டியலிலேயே இல்லை. நிரந்தர ஆள் வராத நாளில் கூப்பிடுகிற பதிலியாக 9 வருஷமாக வருகிறார். பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வந்துவிட்டால் தொடர் சர்வீஸ் ஆகிவிடும் என்று, வருஷா வருஷம் எண்ணிப் பார்த்து நிறுத்தி வைத்தார்கள். எனக்கு இது தெரியும். என் இடம் நிரந்தரம் என்பதால் வாய் திறக்கவில்லை. இன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 8, சனி

எங்கள் முறை. 40ஆம் நம்பர் நூல். ஒரு பவுண்டில் 33,600 கஜம் ஓடும். மேலே பஞ்சுத் திரி சுற்றிய சிம்ப்ளெக்ஸ் பாபின் தீரத் தீர, கீழே ஸ்பிண்டில் ஒவ்வொன்றாக வெறுமையாகச் சுற்றியது. அறுந்த இழையைப் பிணைப்பதுதான் சைடர் வேலை. பத்து மணிக்கு மேல், “இனி பிணைக்காதேப்பா, விட்டுடு” என்றார் மேஸ்திரி. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நாலு இழை பிணைத்தேன்.

மார்ச் 11

கோன் வைண்டிங்கும் முடிந்தது. சங்கு ஊதவில்லை.

சாயங்காலம் சங்க ஆபீஸில் அக்காவின் சம்பளச் சீட்டுகளைப் பரப்பி வைத்து எண்ணினோம். நஷ்டஈட்டுக்கு ஒரு வருஷத் தொடர் சர்வீஸ் இருந்தால் கேட்கலாம். சம்பளத்தோடு விட்ட விடுமுறைகளையும் 240இல் சேர்க்க வேண்டும் என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை அவர்கள் கழித்துவிட்டு எண்ணியிருக்கிறார்கள்.

கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் வேலை செய்தது 233 நாள். சம்பளத்தோடு விடுமுறை 9.

அக்கா விரல் விட்டு இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார். 242.