மொட்டைமாடியில் ஒரு மலை

லெனின் பாரதியின் இயக்கத்தில் 2018-இல் வெளியாகி, உரிய கவனத்தைப் பெறாமல் போன ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படத்தைச் சென்ற ஞாயிறு இரவு ராயபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில் அக்கம்பக்கத்தாருடன் பார்த்தேன். மலையில் சுமை தூக்கிப் பிழைக்கும் நாயகன் ரங்கசாமியின் ஏலக்காய் மூட்டை சரிவில் உருண்டு சிதறியபோது, துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் மூட்டை சுமந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், காய்த்துப்போன தம் இடது தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “கூட வேலை செஞ்சவன் தாங்கலைன்னா நானும் அன்னிக்கே எழுந்திருக்க மாட்டேன்” என்றார். அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய பேரன் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

படம் மெதுவாக நகர்கிறது என்று சிலர் குறைபட்டார்கள். சுமையோடு மலை ஏறுபவரின் நடையை வேறு எப்படிக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றியது. தான் இழந்த நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக ரங்கசாமி அமரும் காட்சி முடிந்தபின்னும் யாரும் பாயைச் சுருட்டவில்லை.