ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா: நாங்கள் முடிவெடுத்த விதம்

இயந்திரங்களைப் பரிசோதிக்கும் பொறியாளர்கள் களத்தில் பயன்படுத்தும் ஒரு செயலியை நாங்கள் மூவர் சேர்ந்து பராமரித்து வருகிறோம். பரிசோதனைப் படிவத்தை நிரப்புவது, படம் எடுப்பது, புளூடூத் வழியாக ஓர் அதிர்வுமானியிலிருந்து அளவீடுகளைப் பெறுவது, இணைய இணைப்பு கிடைத்ததும் எல்லாவற்றையும் சர்வருக்கு அனுப்புவது ஆகியவையே அதன் வேலைகள். பழைய செயலி கார்டோவாவில் எழுதப்பட்டிருந்தது. ஒரு வலைப்பக்கத்தைச் செயலிக்குள் பொதிந்துவைத்து, கேமராவையும் புளூடூத்தையும் ப்ளகின்கள் என்னும் துணை நிரல்கள் வழியாக எட்டும் முறை அது. அந்த ப்ளகின்களில் நான்கு, பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோயிருந்தன. 2024 இறுதியில், ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புக்கு ஏற்பச் செயலியை மாற்ற முயன்றபோது, ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடைந்தது. முழுவதையும் திரும்ப எழுதுவது என்று ஒரே நாளில் முடிவாயிற்று. ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸுக்கும் ஒரே நிரலைக் கொண்டு செயலி எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்குகள், அதாவது கருவித்தொகுப்புகள், பல உண்டு; அவற்றில் எதில் எழுதுவது என்பதற்குத்தான் ஆறு வாரங்கள் பிடித்தன.

முதல் வாரத்தில் நான் ஓர் அட்டவணை போட்டேன். வேகம், கற்கும் எளிமை, நூலகங்களின் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களின்) எண்ணிக்கை, நிறுவனப் பின்புலம் என்று தலைப்புகள் இட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணும் முக்கியத்துவ விகிதமும் கொடுத்து, கூட்டிப் பார்த்தேன். விகிதத்தைச் சற்றே மாற்றினால் முதலிடமும் மாறியது. என் மனம் முன்பே விரும்பிய விடையை எண்களின் வாயால் சொல்லவைக்கிறேன் என்பது புரிந்ததும் அந்த அட்டவணையை மூடிவைத்தேன். அதனால் ஒரே ஒரு நன்மை கிடைத்தது: எவற்றைப் பரிசீலிக்கத் தேவையில்லை என்பது தெளிவாயிற்று. அத்தகைய தொகுப்புகளில் ஒன்றான ஸமாரினுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 மே 1 அன்று முடித்துக்கொண்டது. அதன் வாரிசான டாட்நெட் மாவியை எடுத்துக்கொள்ள எங்களில் எவருக்கும் அதற்குத் தேவையான சி ஷார்ப் மொழி தெரியாது. கோட்லின் மொழியில் எழுதும் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்திருந்தது. அது 2023 நவம்பரிலேயே நிலையான பதிப்பாகிவிட்டது. ஆனால் ஐஓஎஸ் திரைகளையும் அதே நிரலில் வரையும் பகுதி அப்போது பீட்டா என்னும் சோதனை நிலையில்தான் இருந்தது, திரைகளை இரண்டு முறை எழுதுவதற்கோ எங்களிடம் ஆள் இல்லை.

ஆக எஞ்சியவை கூகுளின் ஃப்ளட்டரும் மெட்டாவின் ரியாக்ட் நேட்டிவும். ரியாக்ட் நேட்டிவுக்கு அடிப்படையான, ஜாவாஸ்கிரிப்டில் வலைப்பக்கங்கள் எழுத உதவும் ரியாக்டை நாங்கள் மூவருமே அறிந்தவர்கள். ஃப்ளட்டருக்கான டார்ட் மொழியில் ஒரு வரிகூட எழுதியதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே விவாதத்தை முடித்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் கருதினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தாலும், ஒரு மொழியைக் கற்கச் செலவாவது சில வாரங்கள், தேர்ந்தெடுத்த தளத்தோடு வாழப்போவது பல ஆண்டுகள் என்பதால், செயலியின் மிகக் கடினமான மூன்று திரைகளை இரண்டிலும் இரண்டே வாரங்களில் எழுதிப் பார்ப்பது என்று ஒப்புக்கொண்டோம். எளிய திரைகளை வைத்துச் சோதிப்பதில் பயன் இல்லை. உள்நுழைவுப் பக்கம் எதில் எழுதினாலும் நன்றாகத்தான் இருக்கும்.

முதல் திரை, படங்களோடு கூடிய நீண்ட பட்டியல். பொறியாளர்களிடம் உள்ள பழைய கைபேசிகளைப் போன்ற, 2 ஜிபி நினைவகம் கொண்ட ஆண்ட்ராய்டு 8 கருவி ஒன்றை இதற்கென வைத்துக்கொண்டோம். இங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஃப்ளட்டரில் எழுதிய பட்டியல் தேரைப் போல நகர்வதைக் கண்டு, இது உதவாது என்று குறிப்பெழுதி, இரண்டு நாள்கள் அதே எண்ணத்தில் இருந்துவிட்டேன். நான் ஓட்டிக்கொண்டிருந்தது டீபக் முறையில், அதாவது பிழை தேடுவதற்கான முறையில். அந்த முறையில் டார்ட் நிரல் ஓடும்போதே மொழிமாற்றம் செய்யப்படுகிறது, கூடுதல் சோதனைகளும் உடன் ஓடுகின்றன. வெளியீட்டுக்கான முறையில்தான் அது முன்கூட்டியே இயந்திர மொழியாக மாற்றப்படுகிறது. வேகத்தை அளப்பதற்கான புரொஃபைல் முறையில், உண்மையான கருவியில் ஓட்டியபோது பட்டியல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ரியாக்ட் நேட்டிவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: உருவாக்க முறையில் கிடைக்கும் வேகத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது.

இரண்டும் திரையை உருவாக்கும் விதம் அடிப்படையிலேயே வேறு. ரியாக்ட் நேட்டிவ், இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையும் எழுத்துப் பெட்டிகளையும் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து ஆட்டுவிக்கிறது. ஃப்ளட்டரோ இயங்குதளத்திடம் ஒரு வெற்றுத் திரையை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியையும் தானே வரைகிறது. இதனால் ஃப்ளட்டர் செயலி எல்லாக் கருவியிலும் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் இருக்கும். ஆனால் இயங்குதளம் தன் தோற்றத்தைப் புதுப்பிக்கும்போது அந்தப் புதுமை தானாக வந்து சேராது. எங்கள் செயலிக்கு அழகு முக்கியமில்லை என்பதால் அந்தக் குறை எங்களைப் பாதிக்கவில்லை. பழைய கருவியில் சில அசைவுகள் முதன்முறை மட்டும் தடுக்கித் தடுக்கி வந்தன, மறுமுறை சீராயின. வரைவதற்கான ஷேடர்கள் என்னும் சிறு நிரல்கள் தேவைப்படும் கணத்தில் தயாரிக்கப்படுவதே காரணம். இம்பெல்லர் என்ற புதிய வரைபொறி அவற்றை முன்கூட்டியே தயாரித்துக்கொள்கிறது என்றாலும், ஆண்ட்ராய்டு 8 போன்ற பழைய பதிப்புகளில் பழைய முறையே இயங்குகிறது. தேவையற்ற அசைவுகளை நீக்கிவிட்டு நகர்ந்தோம்.

இரண்டாவது திரையான படிவத்தில், குறிப்புப் பெட்டிக்கு எழுத்து வரம்பு ஒன்று உண்டு. ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. டார்ட்டிலும் சரி, ஜாவாஸ்கிரிப்டிலும் சரி, அதன் நீளத்தைக் கேட்டால் 5 என்றே விடை வரும். இரு மொழிகளும் எண்ணுவது யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறிமுறையின் அலகுகளை; உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி அலகுகள். ஃப்ளட்டரின் எழுத்துப் பெட்டி வரம்பைக் கணக்கிடும்போது இந்த அலகுகளைச் சேர்த்து, பயனர் காணும் எழுத்தாகவே எண்ணுகிறது. ரியாக்ட் நேட்டிவில் அந்தக் கணக்கை நாங்களே எழுத வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. ‘க்ஷ’ என்பதை ஃப்ளட்டரும் இரண்டாகத்தான் எண்ணுகிறது என்பதைப் பின்னர் கண்டேன். அதற்காக எவரும் புகார் செய்யவில்லை.

உண்மையான பாடம் மூன்றாவது திரையில் காத்திருந்தது. அதிர்வுமானியைத் தயாரித்த நிறுவனம் ஆண்ட்ராய்டுக்கு ஒன்றும் ஐஓஎஸுக்கு ஒன்றுமாக இரண்டு நேட்டிவ் நூலகங்களை, அதாவது அந்தந்த இயங்குதளத்துக்கென்றே எழுதியவற்றை, மட்டுமே தருகிறது. எனவே ஃப்ளட்டரில் பிளாட்ஃபார்ம் சேனல், ரியாக்ட் நேட்டிவில் டர்போ மாட்யூல் என்னும் இணைப்பு வசதிகள் வழியாக, ஆண்ட்ராய்டுக்குக் கோட்லினிலும் ஐஓஎஸுக்கு ஸ்விஃப்டிலும் இணைப்பு நிரல் எழுத வேண்டியிருந்தது. இரண்டிலும் உழைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். பின்னணியில் தரவை அனுப்புவதும் அப்படியே: ஆண்ட்ராய்டில் காலமுறைப் பணிகளுக்கு 15 நிமிடமே மிகக் குறைந்த இடைவெளி, ஐஓஎஸில் பணி எப்போது ஓடும் என்பதை இயங்குதளமே தீர்மானிக்கிறது. எந்த ஃப்ரேம்வொர்க்கும் இந்த விதிகளை வளைக்க முடியாது. ‘ஒரு முறை எழுதினால் போதும்’ என்ற வாசகத்தை அன்றோடு நான் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். எங்கள் நிரலில் பெரும்பகுதி பொதுவானதுதான், ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது பொதுவாக அமையாத அந்தச் சிறுபகுதி.

இதன் பிறகு கேள்வியே மாறிவிட்டது. எது வேகமானது என்பதை விட்டு, நாங்கள் சார்ந்திருக்கப்போகும் நூலகங்களை யார் பராமரிக்கிறார்கள் என்று தேடினோம். எங்களுக்குத் தேவைப்பட்டவை பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் கடைசி வெளியீடு எப்போது, தீராத புகார்கள் எவை, பொறுப்பாளர் ஒருவரா பலரா என்று எழுதிவைத்தோம். ரியாக்ட் நேட்டிவ் அப்போதுதான், 2024 அக்டோபரில் வந்த 0.76 பதிப்பில், தன் புதிய கட்டமைப்பை இயல்பானதாக ஆக்கியிருந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கும் நேட்டிவ் பகுதிக்கும் இடையே செய்திகளைப் பொட்டலம் கட்டி அனுப்பிக்கொண்டிருந்த பழைய பாலத்தை நீக்கி, நேரடி அழைப்பைக் கொண்டுவந்த நல்ல மாற்றம் அது. ஆனால் எங்கள் பட்டியலில் இருந்த புளூடூத், கேமரா நூலகங்கள் இரண்டும் அந்த மாற்றத்தின் நடுவழியில் நின்றன. ஓராண்டு கழித்துத் தேர்ந்தெடுத்திருந்தால் விடை வேறாக இருந்திருக்கலாம். ஃப்ளட்டர் என்று முடிவுசெய்தோம். டார்ட் கற்பது பயந்ததைவிட எளிதாக இருந்தது; மூன்றாவது வாரத்தில் அந்த நண்பரே, பழைய இணையத் திட்டத்துக்குத் திரும்பும்போது டார்ட்டின் கண்டிப்பான வகைச் சோதனை இல்லாதது குறையாகத் தெரிகிறது என்றார்.

செயலி வெளியாகிச் சில மாதங்கள் அமைதியாகக் கழிந்தன. பிறகு, ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை இலக்காகக் கொண்ட செயலிகள் 16 கேபி நினைவகப் பக்க அளவை (இயங்குதளம் நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் துண்டின் அளவு) ஆதரிக்க வேண்டும் என்ற பிளே ஸ்டோர் விதி 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஃப்ளட்டரின் சொந்தக் கோப்புகள் சரியாக இருந்தன. எங்கள் டார்ட் நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. தடுத்து நின்றது அதிர்வுமானி நிறுவனத்தின் நேட்டிவ் நூலகம். அதன் மூலநிரல் எங்களிடம் இல்லாததால், மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. திருத்திய நூலகம் வந்து சேர்வதற்குள், புளூடூத் பகுதி முழுவதையும் அந்த நூலகம் இல்லாமல் நாங்களே எழுத முடியுமா என்று பார்க்கத் தொடங்கியிருந்தோம். அந்த முயற்சியைக் கைவிடவில்லை. அளவீட்டைத் தொடங்குவது, நிறுத்துவது ஆகிய இரண்டு கட்டளைகள் இப்போது வேலை செய்கின்றன. மின்கல அளவைப் படிப்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.