எலிப் பல்லும் ஆந்தைப் பெட்டியும்

ஈரத் தூரிகையின் நுனியால் தொட்டால்தான் அந்தப் பல் மேலே வரும். இடுக்கியால் பிடித்தால் தெறித்து ஓடிவிடும். தெறித்த பல் திரும்பக் கிடைப்பது அரிது. அதன் நீளம் 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான், நிறமோ குகை மண்ணின் நிறம். நுண்ணோக்கிக்குக் கீழே வைத்துப் பார்த்தால் வேறு பொருளாகத் தெரியும். மூன்று வரிசையாகக் குமிழ்கள், ஒவ்வொரு குமிழின் உச்சியும் தேய்ந்து நடுவில் பழுப்பாக ஒரு குட்டை, குட்டையைச் சுற்றிக் கண்ணாடி போல் மினுங்கும் எனாமல் கரை. எலியின் மேல்தாடையில் இருக்கும் முதல் கடைவாய்ப் பல் இது. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் அந்த மினுக்கம் போகவில்லை.

கோலாலம்பூரில் ஓர் ஆய்வகத்தில் பதினொரு வருடங்களாக இதுதான் என் வேலை. சுண்ணாம்புக்கல் குகைகளிலிருந்து பை பையாக மண் வரும். அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் கொட்டி, தண்ணீரில் அலசி, காயவைத்து, தட்டில் பரப்பி, பல், எலும்பு, கல் என்று பிரிக்க வேண்டும். பாறையாக இறுகிப் போன மண் வந்தால் வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை நீர்க்கக் கலந்து நாள் கணக்கில் ஊறப்போடுவோம். சுண்ணாம்பு கரைந்து பற்கள் தனியாக நிற்கும். நல்ல பற்களை ஊசித் தலையில் ஒட்டி, அட்டை எழுதி, குப்பியில் வைப்போம். பெரிய யானைப் பல் கிடைத்தால் படம் எடுக்கப் பத்துப் பேர் வருவார்கள். எலிப் பல்லுக்கு யாரும் வருவதில்லை. ஆனால் அந்த இடம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், நான் எலியைத்தான் முதலில் கேட்பேன்.

சேர்ந்த புதிதில் ஒரு தாடையை எலி என்று எழுதி வைத்துவிட்டேன். ஆய்வகத்தில் மூத்தவரான அண்ணன் அதை எடுத்துப் பார்த்தார். “தங்கச்சி, இது எலி இல்லை, மூஞ்சூறு. பல்லுக்கு நடுவில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள்” என்றார். எலிக்கு முன்னால் உளி மாதிரி வெட்டுப்பல், அப்புறம் வெற்றிடம், அதற்கும் பின்னால் மூன்று கடைவாய்ப் பற்கள். மேலும் கீழும் இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் 16 பற்கள்தான். மூஞ்சூறுக்கு அந்த வெற்றிடமே கிடையாது. முன்னிருந்து பின்வரை கூர்கூராகப் பற்கள், பூச்சியின் மேலோட்டை உடைக்க. நாம் வீட்டில் எல்லாவற்றையும் எலி என்று சொல்லிப் பழகிவிட்டோம். பிள்ளையாருக்கு முன்னால் இருப்பது மூஞ்சூறா பெருச்சாளியா என்று சண்டை போடுகிறவர்களும் இரண்டையும் ஒரே சாதியில்தான் சேர்ப்பார்கள். உண்மையில் பெருச்சாளி கொறித்துண்ணி, மூஞ்சூறு பூச்சியுண்ணிகளின் பக்கம். முள்ளம்பன்றியோ, பெயரில் பன்றி இருந்தாலும், எலிக்கும் அணிலுக்கும் உறவு.

கொறித்துண்ணிகளை நம்பலாம் என்பதற்குக் காரணம் அவற்றின் வாழ்க்கை. யானை ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு நடந்துபோகும். எலி பிறந்த இடத்தைச் சுற்றியே தின்று, குட்டி போட்டு, செத்துப்போகும். பறக்கும் அணிலின் பல் கிடைத்தால் பக்கத்தில் உயர்ந்த மரங்கள் இருந்திருக்க வேண்டும். மூங்கில் எலி என்றால் மூங்கில் புதர். வயல் எலியும் பெருச்சாளியும் கூடிக்கொண்டே போனால் புல்வெளி பெருகியிருக்கிறது. பல்லின் உருவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பழமும் கொட்டையும் தின்னும் அணிலின் பல் தாழ்வாக, குறுக்கு வரப்புகளோடு இருக்கும். மூங்கில் எலியின் பல் உயரமாக, எனாமல் மடிப்புகளோடு இருக்கும், நாரையும் மண்ணையும் அரைத்தும் சீக்கிரம் தேய்ந்துபோகாது. இப்படி அடுக்கு அடுக்காக எந்த இனம் எத்தனை என்று எண்ணினால், காலம் போகப் போகக் காடு விரிந்ததா சுருங்கியதா என்று தெரிந்துவிடும்.

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் லியாங் புவா குகையில் இதை மிக நன்றாகச் செய்திருக்கிறார்கள். 2003-இல் குள்ள மனித எலும்புகள் கிடைத்த அதே குகைதான். ஆனால் அங்கே தோண்டி எடுத்த எலும்புகளில் பெரும்பகுதி எலிகளுடையவை. சுண்டெலி அளவிலிருந்து பூனை அளவு ராட்சத எலி வரை உண்டு. 2019-இல் வெளிவந்த ஆய்வில் ஆயிரக்கணக்கான கை கால் எலும்புகளை அளந்து, உடல் அளவை வைத்து வகை பிரித்தார்கள். திறந்த வெளியை விரும்பும் நடுத்தர எலிகள் சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன்பு குறைந்து, அடர்ந்த மரநிழலை விரும்பும் சிறிய எலிகள் கூடின. குள்ள மனிதர்கள் அந்தக் குகையிலிருந்து காணாமல் போவதும் அதையொட்டிய காலத்தில்தான். எங்கள் தட்டில் கிடக்கும் ஒவ்வொரு சின்ன எலும்பையும் அந்த ஆய்வைப் படித்த பிறகு நான் வேறு மாதிரித்தான் கையில் எடுக்கிறேன்.

ஆனால் எலி சொல்வதைக் கேட்பதற்கு முன்னால், அதைக் குகைக்குள் கொண்டுவந்தது யார் என்று கேட்க வேண்டும். இதை எனக்கு ஆய்வகம் சொல்லித் தரவில்லை. அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், அதாவது பாமாயில் எடுக்கும் பனைத் தோட்டத்தில், வேலை செய்தார். செம்பனைக்கு எலி பெரிய எதிரி. குலையில் பழத்தை அது சுரண்டித் தின்னும். விஷம் வைத்து ஓய்ந்துபோன தோட்டங்கள் 1980-களில் வெண்ணாந்தைக்குக் கூடுகட்டப் பெட்டி வைக்க ஆரம்பித்தன. ஒரு சோடி ஆந்தை, குஞ்சுகளையும் சேர்த்து, வருடத்துக்கு 1,000 எலிகளுக்கு மேல் தின்னும் என்று சொல்வார்கள். கம்பத்தில் ஏறிப் பெட்டி மாட்டும் வேலை அப்பாவுடையது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் சிலர் ஆந்தையைப் பார்க்கவே பயப்படுவார்கள். மலாய்க்காரர்களும் அதைப் பேய்ப் பறவை, புரோங் ஹந்து, என்றுதான் சொல்வார்கள். அப்பா பயப்படவில்லை. பெட்டிக்குக் கீழே கிடக்கும் கறுப்பு உருண்டைகளை எடுத்துவந்து, வாசலில் உட்கார்ந்து குச்சியால் பிரித்து, மண்டை ஓடுகளை எண்ணுவார். நேற்று ராத்திரி மூன்று எலி என்பார். ஆந்தை எலியை முழுதாக விழுங்கும். சதை செரித்த பிறகு மயிரும் எலும்பும் உருண்டையாகத் திரண்டு வாய்வழியே வெளியே வரும். எட்டு வயதில் நான் பார்த்த முதல் எலித் தாடை அப்பாவின் உள்ளங்கையில் இருந்ததுதான்.

குகை மண்ணில் இருக்கும் எலிகளும் பெரும்பாலும் அப்படி வந்தவைதான். குகை வாயில் ஆந்தைகள் தலைமுறை தலைமுறையாக அமர்ந்து நூற்றுக்கணக்கான வருடம் உருண்டை போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் எனாமலின் ஓரத்தைப் பார்ப்பேன். வெண்ணாந்தையின் வயிற்று அமிலம் லேசானது, பல் ஏறக்குறைய முழுசாக இருக்கும். பகலில் வேட்டையாடும் பருந்து வகை என்றால் எனாமல் நன்றாக அரிக்கப்பட்டிருக்கும். புனுகுப் பூனை மாதிரி விலங்கு மென்று தின்றிருந்தால் அதைவிட மோசம். இது ஏன் முக்கியம் என்றால், வெண்ணாந்தை திறந்த வெளியில் வேட்டையாடும். பக்கத்தில் பெருங்காடே இருந்தாலும் அதன் உருண்டையில் புல்வெளி எலி அதிகமாக இருக்கும். தின்றது யார் என்று தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் காடு போய்விட்டது என்று எழுதினால் அது தப்பு.

குகையில் இன்னொரு கைவரிசையும் உண்டு. முள்ளம்பன்றி வெளியே கிடக்கும் எலும்புகளை இழுத்துவந்து கொறிக்கும். நம் பக்கத்துக் குகைகளில் பெரிய விலங்குகளின் எலும்புக்கூடு கிடைக்காமல் வெறும் பல் மட்டுமே கிடைப்பதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். பல்லின் வேரைக்கூட விட்டுவைக்காது. ஆக, என்ன மிஞ்ச வேண்டும் என்பதிலும் ஒரு கொறித்துண்ணியின் பங்கு இருக்கிறது.

இரண்டாம் வருடம் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடுத்தடுத்த இரண்டு அடுக்குகளின் மண், இரண்டு பைகளில் வந்தது. அலசும்போது அட்டைகள் நனைந்து மை கரைந்துவிட்டது. மண்ணின் நிறத்தை வைத்து, இது மேல் அடுக்கு, இது கீழ் அடுக்கு என்று நானே முடிவுசெய்து புது அட்டை எழுதிவிட்டேன். அண்ணனிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மூன்று வாரம் அந்த இரண்டு பையிலிருந்தும் பற்களைப் பிரித்தேன். அழகான பற்கள், பறக்கும் அணிலின் பல்கூட இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்த அட்டையைப் பார்க்கும்போது நெஞ்சில் ஏதோ உறுத்தும். கடைசியில் எங்கள் ஆய்வை நடத்தும் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்த இரண்டு பையும் கணக்கில் சேராது என்று மட்டும் சொன்னார். அந்தப் பறக்கும் அணில் எந்தக் காட்டில் பறந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதற்கப்புறம் நான் பென்சிலால் மட்டுமே எழுதுகிறேன். பென்சில் தண்ணீரில் கரையாது.

அடுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குப் பத்துமலையைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. நாம் தைப்பூசத்துக்கு 272 படி ஏறும் அதே மலைதான். 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்கு அங்குள்ள குகையில் காலங்காலமாகத் தேங்கிய வௌவால் எச்சத்தை எடுத்தார்கள். வெப்பமண்டலப் புல்லிலும் மரத்திலும் கரிமத்தின் கலவை வேறு வேறு. அதைத் தின்ற பூச்சி, பூச்சியைத் தின்ற வௌவால் என்று அந்த அடையாளம் எச்சம் வரைக்கும் வந்து சேர்ந்துவிடும். கடைசிப் பனியுகத்தில் இந்தப் பகுதியில் காடு சுருங்கிப் புல்வெளி பரவியிருந்தது என்று அந்த எச்சம் காட்டியது. 2013-இல் இன்னொரு ஆய்வு வந்தது. பத்துமலையிலும் பேராக்கில் ஒரு குகையிலும் ஒராங் உத்தான் பற்கள், மொத்தம் ஒன்பது. மலாய்த் தீபகற்பத்தில் ஒராங் உத்தான் புதைபடிவம் கிடைத்தது அதுவே முதல்முறை. பத்துமலையில் அது சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை இருந்திருக்கிறது. மரம் இல்லாமல் ஒராங் உத்தான் இல்லை. இரண்டையும் காலம் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று காடு என்கிறது, ஒன்று புல் என்கிறது, முரண்பாடாகத் தெரியும். காலத்தோடு வைத்துப் பார்த்தால், காடு இருந்தது, அப்புறம் மெல்லச் சுருங்கியது என்று கதை ஒழுங்காக வருகிறது. பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடல் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து, சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் நம் தீபகற்பத்தோடு ஒரே நிலமாக இருந்தன. எந்த விலங்கு எதுவரை போனது, எது நடுவழியில் நின்றது என்பதை அந்த நிலத்தில் காடு இருந்ததா புல் இருந்ததா என்பதே தீர்மானித்தது. காட்டு எலி புல்வெளியைத் தாண்டாது. அதனால்தான் ஒவ்வொரு குகையிலும், ஒவ்வொரு அடுக்கிலும் எந்த எலி என்று இவ்வளவு பொறுமையாகப் பார்க்கிறோம்.

புதிதாக வரும் மாணவர்களுக்கு லாவோஸ் பாறை எலியைப் பற்றி நான் கட்டாயம் சொல்வேன். காம்முவான் பகுதியில், எங்கள் மலைகளைப் போன்ற சுண்ணாம்புக்கல் குன்றுகளில் வாழும் பிராணி அது. ஊர்க்காரர்கள் அதற்குக் கானியூ என்று பெயர் வைத்து, பிடித்து, சந்தையில் உணவுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். 2005-இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. அடுத்த வருடம் அதன் பல்லையும் மண்டையையும் பழைய புதைபடிவங்களோடு வைத்துப் பார்த்தபோது, 1 கோடியே 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதாக நினைத்த குடும்பத்தின் வாரிசு என்று தெரியவந்தது. மண்ணில் ஒன்று கிடைக்கவில்லை என்பதற்காக அது அங்கே இல்லவே இல்லை என்று எழுதக் கூடாது என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய ஆந்தை உருண்டைகள் தேவைப்பட்டன. எனக்கு அப்பாவின் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. பாதித் தோட்டம் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. மீதிப் பாதியில், ஆற்றோரம், அப்பா மாட்டிய பெட்டிகளில் ஒன்று இன்னும் நின்றது, உள்ளே ஆந்தையும் இருந்தது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். கம்பத்தடியில் 41 உருண்டைகள் பொறுக்கினோம்.

அத்தனையையும் பிரித்தபோது ஏறக்குறைய எல்லாமே ஒரே எலி, மலாயில் திகுஸ் பெலுக்கார் என்பார்களே, அது. ஒரு மூஞ்சூறு, ஒரு சின்னப் பறவை, வேறெதுவும் இல்லை. பக்கத்துத் தட்டில் குகை மண் கிடந்தது. அதன் ஒரே அடுக்கில் அணில், மர எலி, மூங்கில் எலி, பறக்கும் அணில். இரண்டு தட்டையும் அன்று சாயங்காலம் வரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல ஆயிரம் ஆண்டு கழித்து யாராவது பந்திங் மண்ணை அலசினால், இங்கே ஒரே ஒரு மரம்தான் வளர்ந்தது என்று அந்த எலி அவர்களிடம் சொல்லும்.

உருண்டைகளைப் பையில் போட்டபோது அட்டையை அப்பாவிடம்தான் கொடுத்தேன். கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டு அவர் பென்சிலால் எழுதினார். எங்கள் ஒப்பீட்டு அலமாரியில் மற்ற அட்டையெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. அந்த ஒன்று மட்டும் அப்பாவின் கையெழுத்தில் தமிழில் இருக்கிறது: 12-ஆம் நம்பர் பெட்டி, ஆற்றோரம், செம்பனை, வயதான மரம்.