எழுதி வைத்த விலை

15,000 ரூபாய் என்றேன். வந்தவர் பதில் சொல்லாமல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சில நொடிகளைப் பொறுக்க முடியாமல், "10,000க்குத் தருகிறேன்" என்று நானே இறங்கிவிட்டேன். அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். பணத்தை ஏற்கெனவே எண்ணி எடுத்திருந்தார். ஐந்து தாள்களைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு மிச்சத்தை நீட்டினார்.

கலா பொலவில் நான் முதன்முதலாகப் படம் விற்ற நாள் அது. இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் பெயரிலுள்ள மன்றம் 1993இல் தொடங்கிய திறந்தவெளி ஓவியச் சந்தை. ஆண்டுக்கொரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்பில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதை முழுவதும் படங்கள் நிற்கும். மாலையில் வெள்ளவத்தைக்குத் திரும்பிக் கணக்குப் பார்த்தேன். படத்தின் பிரேமுக்கு 3,500, கன்வஸுக்கும் வர்ணத்துக்கும் 2,400, ஆட்டோவுக்கு 1,100. கையில் நின்றது 3,000. ஐந்து நாள் வேலை அது. ஒரு நாளுக்கு 600 ரூபாய். அந்த ஆண்டு எங்கள் வீட்டுச் சுவரைப் பூசிய மேசனுக்கு நாங்கள் கொடுத்த நாட்கூலி இதைப்போல நான்கு மடங்கு. அவருக்கு அது நியாயமான கூலி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. என்னுடைய கூலியை மட்டும் நானே வெட்டியிருந்தேன்.

அந்த வீதிக்குப் பெயராக நிற்கும் குமாரசுவாமி 1877இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர். கண்டி அரசின் கைவினைஞர்களைப் பற்றி 1908இல் விரிவாக எழுதினார். அரச பணிக்கு ஈடாக அவர்களுக்கு நிலம் இருந்தது. வயல் சோறு போட்டதால், ஒவ்வொரு சித்திரத்துக்கும் விலை சொல்லித் தொண்டை வறள வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. எங்களுக்கு வயல் இல்லை. வாய்தான் இருக்கிறது. என் வாயோ "கீயத?", அதாவது எவ்வளவு, என்று யாராவது சிங்களத்தில் கேட்டால் உடனே தடுமாறும், சிங்களத்தில் விலை சொல்ல முடியும், பேரத்தில் நின்றுபிடிக்க முடியாது.

அடுத்த ஆண்டு விலைகளை வீட்டிலேயே தீர்மானித்து, மூன்று மொழிகளிலும் சீட்டு எழுதி ஒட்டிக்கொண்டு போனேன். எப்படித் தீர்மானிப்பது என்பதில்தான் அதிகம் குழம்பினேன். முதலில் சதுர அங்குலத்துக்கு 60 ரூபாய் என்று போட்டுப் பார்த்தேன். 8க்கு 10 அங்குலப் படம் 4,800 ஆனது. 36க்கு 48 படம் 1,03,680 ஆனது. சிறியதற்கு இரண்டு நாள், பெரியதற்கு ஒன்பது நாள் எடுக்கும் எனக்கு, இருபது மடங்குக்கு மேல் விலை ஏறுவது பொய்யாகப் பட்டது. பிறகு நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அங்குலத்துக்கு 500 ரூபாய் வைத்தேன். சிறியது 9,000, பெரியது 42,000. பிரேம் செலவு தனி. என் நாட்களோடு இந்தக் கணக்கு ஒத்துப்போனது. இதே முறை எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஏதோ ஒரு முறை வேண்டும். எப்படி இந்த விலை வந்தது என்று கேட்பவருக்கு முகம் பார்த்துப் பதில் சொல்ல அது உதவுகிறது.

2022இல் அந்த 500ம் செல்லாக்காசானது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அக்கிரிலிக் குழாய் ஒன்றை வாங்கக் கடையில் நின்று யோசித்தேன். மின்வெட்டில் பகல் வெளிச்சத்தில் மட்டுமே வரைந்தேன். பழைய சீட்டுகளை எல்லாம் ஒரே நாளில் மாற்றினேன். அப்போதும் பழகியவருக்கு ஒரு விலை, புதியவருக்கு ஒரு விலை என்று வைக்கவில்லை. காட்சிக்கூடங்கள் விற்பனையில் மூன்றிலொன்றோ, சில வேளை பாதியோ எடுத்துக்கொள்ளும். அந்தப் பங்கு போனால் எனக்கு எவ்வளவு நிற்கும் என்று பார்த்துத்தான் விலை வைப்பேன். அதே விலைதான் என் வீட்டிலும். அங்கே பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து மலிவாகக் கேட்பவருக்குக் கொடுத்தால், எனக்காகச் சுவர் தந்தவர்களை ஏமாற்றுவதாகும்.

எழுதாமல் விட்டதால் பட்ட அடியும் உண்டு. ஒரு விடுதியின் வரவேற்பறையில் ஏழு நீர்வர்ணப் படங்களை வாய்ப்பேச்சை நம்பி மாட்டினேன். எட்டு மாதம் கழித்து ஐந்துதான் திரும்பி வந்தன. அதிலும் இரண்டில் கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. எத்தனை கொடுத்தேன் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இன்று படத்தின் பெயர், அளவு, விலை, திருப்பித் தரும் நாள், பழுதானால் யார் பொறுப்பு, எல்லாவற்றையும் இரண்டு பிரதியில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் படம் வீட்டுப்படி இறங்குவதில்லை. பற்றுச்சீட்டிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அந்த உரிமையை வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 70 ஆண்டுகளுக்கும் தருகிறது. படத்தை வாங்கியவர் நாட்காட்டியில் அச்சிட விரும்பினால் அது வேறு பேச்சு, வேறு விலை.

உறவுக்காரரிடம் விலை சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒருவர், மகளின் புது வீட்டுக்கென்று ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தார். சீட்டைப் பார்த்துவிட்டு, "எனக்குமா பிள்ளை இந்த விலை?" என்று கேட்டார். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆமாம் மாமி என்றேன், மூன்று மாதத் தவணையாகத் தாருங்கள் என்றேன். அவர் கோபிக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் ஓய்வூதியம் எடுத்த கையோடு வந்து தந்தார்.

கடைசித் தவணை முடிந்ததும் படத்தை மாட்ட நானும் கூடப் போனேன். கடல் பக்கச் சுவர் ஈரமாக இருந்ததால் உள்சுவரைத் தெரிவு செய்தோம். ஆணி அடித்த பிறகு, விலைச் சீட்டை உரிக்கக் கை வைத்தேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதைக் கழற்ற வேண்டாம் பிள்ளை. பின்பக்கத்தில் ஒட்டி விடு. மகள் பார்க்க வேண்டும்."